மூன்று விரல் அளவு

லூனன்பர்க் துறைமுகத்தில் பிப்ரவரி.
பட்டறைக் கதவு திறந்ததும் முதலில் காற்று வந்தது,
அதன் பின்னால் மீன்வாடை,
அதற்கும் பின்னால் அன்செல் ஹிம்மெல்மன்.

விலை கேட்டார். சொன்னேன்.
"அந்தக் காசுக்குப் படகுக்கு ஒரு மோட்டார் வருமே, ரோவீனா."
"வரும். அதை வைத்துச் சவரம் செய்ய வராது."
சிரிக்கவில்லை.
கையுறையைக் கழற்றி மேசைமேல் கையை வைத்தார்.

வலக்கையில் சுண்டுவிரல் இல்லை.
மோதிரவிரலும் இல்லை.
சிங்கிறால் கூண்டை இழுக்கிற வின்ச்,
ஒரு கயிறு, ஒரு நொடி.
"கடையில் இருக்கிற கத்தியெல்லாம்
ஐந்து விரல்காரனுக்குச் செய்தது" என்றார்,
காலணி அளவு சொல்கிற குரலில்.

ஜன்னல் புட்டியைப் பிசைந்து கொடுத்தேன்.
பிடித்தார்.
அச்சு விழுந்தது: மூன்று பள்ளம்,
அப்புறம் வெறும் சமவெளி.

அன்று மாலை
என் இரண்டு விரல்களை மடக்கி டேப் சுற்றினேன்.
பதினொரு நாள்.
சட்டைப் பொத்தான், சாவி, முட்டை உடைப்பது,
எல்லாவற்றிலும் அவருடைய கை
எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது.

இரும்பு, ஒரு பழைய அரம்.
முதல் கத்திக்குத் துவைச்சல் கொடுத்தபோது
எண்ணெய்க்குள் 'டிக்' என்று ஒரு சத்தம்.
அவ்வளவுதான். மூன்று நாள் வேலை
ஒரு மயிரிழை விரிசலில் போயிற்று.
அந்தத் துண்டுதான் இப்போது
கதவு ஆடாமல் இருக்க அடியில் கிடக்கிறது.

இரண்டாவது தப்பியது.
வைக்கோல் நிறம் வரும்வரை சூடு காட்டி,
சாணையில் இரு பக்கமும் குழித்துக் குழித்து,
கட்டைவிரல் நகத்தில் வைத்து அழுத்தினால்
விளிம்பு லேசாக வளைந்து
மறுபடி நிமிர்கிற அளவுக்கு மெலித்தேன்.
சுண்டினால் பாடும் இப்போது.
கீழ் ஸ்தாயியில், ஒற்றை ஸ்வரம்.

வாலை மட்டும் குட்டையாக்கி
நடுவிரலுக்குக் கீழே கொக்கிபோல் வளைத்தேன்.
பார்க்க அழகில்லை.
பிடித்தால் தெரியும்.

கைப்பிடிக்கு அவரே கட்டை கொண்டுவந்திருந்தார்,
கப்பியிலிருந்து அறுத்தது,
தண்ணீரில் போட்டால் மூழ்குகிற மரம்.
எந்தக் கப்பி என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரலில் வந்தார்.
என் கண்ணாடி முன்னால், நின்றபடியே,
இடக் கன்னத்தில் ஒரே இழுப்பு.
காகிதம் கிழிகிற சத்தம்கூட இல்லை.
எட்டு வருஷமாய் இடக்கையால் கீறிக்கொண்ட தாடையை
வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

மீதிப் பணத்துக்கு ஆறு சிங்கிறால்.
ஒன்றுக்கு ஒற்றைக் கொடுக்கு.
"கடலில் விட்டிருந்தால் அதற்கு முளைத்துவிடும்" என்றார்.
அப்போதுதான் சிரித்தார்.

"பெயர் பொறிக்கட்டுமா?"
"வேண்டாம். எனக்கப்புறம் யார் கைக்குப் போகுமோ.
என் பெயர் எதற்கு அவனுக்கு?"

சரி என்று எண்ணெய் துடைத்துக் கொடுத்தேன்.
வாரில் தினம் இருபது தடவை இழுத்தால்
அவரையும் தாண்டும், என்னையும் தாண்டும்.
எவனோ ஒருவன், இன்னும் பிறக்காதவன்,
முழுக் கையோடு அதை எடுப்பான்.
எப்படிப் பிடித்தாலும் இடிக்கும்.
திருப்பிப் பார்ப்பான். பெயர் இருக்காது.

கடைசியில்
இரண்டு விரல்களை மடக்குவான்.