கண்ணாடியைக் கழட்டும் டாக்டர்

நூற்று நாற்பது பேருக்குச் சாவு சொல்லியிருக்கிறேன்.
எல்லாம் வளசரவாக்கத்தில்,
ஒரே வாடகை பங்களாவின் மாடி அறை வாசலில்.
கதவில் ஒட்டிய ஐ.சி.யூ. காகிதம்
மின்விசிறிக்குப் படபடக்கும்.
செல்லோடேப் கடிப்பதும் என் பல்தான்.

வசனம் பெரிதில்லை.
வெளியே வர வேண்டும்,
கண்ணாடியைக் கழட்ட வேண்டும்,
ஸாரி.
பிறகு கேமரா என்னை விட்டுவிடும்.
மூத்த மருமகளிடம் மூன்று முறை போகும்,
மாமியாரிடம் மூன்று முறை,
தூணுக்குப் பின்னால் நிற்கும் பரிமளாவிடம்
ஐந்து முறை.
பாலில் கலந்தவள் அவள்தான்.
எந்தத் தொடரிலும் அவள்தான்.
நெற்றியில் பாம்புப் பொட்டு,
ஒற்றைப் புருவத்தை அரை இன்ச் ஏற்றுவாள்,
அதற்கு நாளுக்கு மூவாயிரம்.
எனக்கு ஆயிரத்து இருநூறு, சாப்பாடு உண்டு.

வெள்ளைக் கோட்டு கம்பெனியுடையது.
பவரில்லாத கண்ணாடி என்னுடையது,
போட்டுப் போட்டு வீட்டிலும் பழகிவிட்டது.
மதியத்துக்கு மேல் கறுப்புக் கோட்டு மாட்டினால் வக்கீல்.
"ஒருத்தரையாவது காப்பாத்தேன்யா" என்பாள் பரிமளா,
புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே.

செவ்வாய்க்கிழமை, ராயப்பேட்டை ஜி.எச்.
ஓ.பி. வரிசை அவளை அடையாளம் கண்டுகொண்டது.
இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி
"வாயும் வயிறுமா இருந்த பொண்ணுக்குப் போய்...
நல்லா இருப்பியாடி நீ?" என்றாள்.
பிறகு பரிமளா கையிலிருந்த ஸ்கேன் கவரைப் பார்த்தாள்.
நகர்ந்து இடம் விட்டாள்.

என்னை யாருக்கும் தெரியவில்லை.

உள்ளே டாக்டருக்கு இருபத்தாறு வயதிருக்கும்.
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.
பாதி கடித்த பன்னைப் பேப்பரால் மூடினாள்.
கண்ணாடியைக் கழட்டவில்லை.
"நீங்க அவங்களுக்கு சொந்தமா?"
"கூட வேலை செய்றேன்."
அடையாறுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்.
யாரும் சுவரில் சாயவில்லை.
பக்கத்து மேசையில் ஒருவர்
ஆதார் ஜெராக்ஸுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தேன்.
இந்த நடை எனக்குத் தெரியும்.
எங்கே நிற்க வேண்டுமென்று
தரையில் சாக்பீஸ் குறிதான் இல்லை.

பெஞ்சில் பரிமளா, பொட்டில்லாமல்,
அந்தக் குழந்தைக்குப் புருவத்தை ஏற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள்.
அது சிரித்தது, மறுபடி கேட்டது.
என் கை காதருகே போனது.

"கண்ணாடில கை வெக்காத"
என்றாள், என் பக்கம் திரும்பாமலே.
"மொதல்ல போய் டீ வாங்கிட்டு வா.
பால் வேணாம்."