பாதிப் புள்ளி

இரவு பதினொன்றே கால்.
மண்டபம் தென்கடல் ஜெட்டி, ஐஸ் கம்பெனிச் சுவர்,
நான் மாட்டிய பலகை
இன்ஜின
என்று மட்டும் சொல்லிவிட்டு
ஒரு கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறியை வைத்து
அப்படியே நின்றுபோனது.

கீழே நாற்பது பேர் அண்ணாந்து பார்க்கிறார்கள்.
இன்ஜின என்றால்?
நின்னுச்சா, எரிஞ்சுச்சா, கழண்டு கடலுக்குள்ள போச்சா?
படகு லிகோரியுடையது. ஓட்டிப்போனவர் நம்புகுமார்.
அவர் மனைவி காளீஸ்வரி
யாரோ போட்ட நாற்காலியில் உட்காராமல்
அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:
"சபூரா, ஒம் பொட்டிதான சொல்லுது. நீயே சொல்லு."

மாடிக்கு ஓடி லாக் கோப்பைத் திறந்தேன்.
கடைசி வரி சிவப்பில் இருந்தது.
டைப் எரர்: எழுத்துச் சரத்தோடு பைட்டைச் சேர்க்க முடியாது.

நியாயம்தான்.
இந்த ஊரில் ரயில் ரோட்டுக்கு வடக்கே பெண் கடல்,
தெற்கே ஆண் கடல்,
பற்றவைத்த பீடி அணையுமுன் ஒன்றிலிருந்து மற்றதற்கு நடந்துவிடலாம்.
ஆனாலும் எந்தக் கடல் என்று கேட்காமல்
ஒருவரும் வலையை எடுப்பதில்லை.
ரெண்டும் தண்ணிதானே என்பவன் வெளியூர்க்காரன்.
போன மாதம், என் கோடின் நூற்றுப் பன்னிரண்டாம் வரியில்,
நான் வெளியூர்க்காரியாக இருந்திருக்கிறேன்.

சீலாவைத் துண்டு போடுகிறவர் கணு பார்த்துக் கத்தி வைப்பார்.
சாட்டிலைட்டுக்குக் கணு தெரியாது.
இருபது பைட் என்றால் இருபது பைட்,
வெட்டு.

இன்ஜின்.
கண்ணுக்கு நாலெழுத்து.
குறிகளைத் தனியே எண்ணினால் ஏழு.
வானத்துக்கு இருபத்தொன்று.
அந்த ஒன்றேயொன்று அதிகம்.
கடைசிப் புள்ளியின் மூன்று பைட்டில்
இரண்டு இந்தத் துண்டோடு வந்தன,
ஒன்று அடுத்த துண்டின் தலையில் தனியாக நின்றது.
நானோ முதல் துண்டு வந்த அவசரத்தில்
அதை எழுத்தாக்கிப் பலகையில் ஏற்றிவிட்டேன்.
பின்னால் வந்தது பைட்டாகவே வந்து
எழுத்தின் வாலில் ஒட்டப் பார்த்தது.
ஒட்டவில்லை. எல்லாம் நின்றது.

திருத்தம் பிறகு.
கரண்ட் பில்லின் முதுகில் பென்சிலால் போட்டேன்.
எட்டு, டி. புள்ளியின் மிச்சம்.
இரண்டு, சுழி. ஓர் இடைவெளி.
ஈ-சுழி, ஏ-ஈ, ஏ-எட்டு. ந.
ல. புள்ளி. ல. துணைக்கால்.
கை நடுங்கியதில் ஒரு ர-வை இருமுறை எழுதினேன்.

ஜன்னலைத் திறந்து கத்தினேன்:
"இன்ஜின் நல்லாருக்கு!"

கீழே மூச்சு விட்டது கேட்டது, நிஜமாகவே கேட்டது.
இன்னும் மூன்று துண்டு.
நாலாவதின் கடைசியில் இ-யை வெட்டியிருந்தது பாவி,
அதையும் ஒட்டினேன்.

"ஐஸ்தான் இல்ல!"

யாரும் பேசவில்லை.
பிறகு லிகோரி, யாரையும் பார்க்காமல்,
"பத்து பார் ஏத்துடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார்.
காளீஸ்வரி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.
உட்கார்ந்து, கடலைப் பார்த்து, நம்புகுமாரை
வம்சத்தோடு வைதார்.
அதை எந்தக் குறியாக்கத்திலும் நான் எழுதப்போவதில்லை.

மூன்று மணிக்குத் திருத்தினேன்.
வருவதையெல்லாம் பைட்டாகவே ஒரு கூடையில் போடு.
முடிவுக்குறி வரும்வரை யாரும் கூடையைத் தொடாதே.
பிறகு ஒரேயொரு முறை எழுத்தாக்கு.
முன்பு இருந்ததைவிட நாலு வரி குறைவு.

விடிந்தபோது பலகையில் செய்தி முழுதாக நின்றது,
புள்ளியோடு.
அடுத்த படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள்
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ராத்திரி யாரோ பலகையைப் படம் பிடித்திருக்கிறார்கள்.
பாம்பன் குழுவில், தங்கச்சிமடம் குழுவில், துபாயில் இருக்கும்
என் மாமா மகனின் கைப்பேசியில்
இன்ஜின, அப்புறம் அந்தக் கறுப்புச் சாய்சதுரம்.
"என்னாச்சு?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.
படத்துக்குள் போய்த் திருத்த எனக்குத் தெரியாது.
ஒவ்வொருவருக்கும் தட்டச்சு செய்கிறேன்:
ஒன்றுமில்லை. ஐஸ்.