மறு இணைப்பு

கடலுக்கடியில் கம்பி வந்ததும்
அக்ரா குன்றோரத்துத் தட்டை மறந்துபோனார்கள்.
கிண்ணம் நிறையத் துரு, கொக்கின் எச்சம்.

ஒருகாலத்தில் இதன் வழியாகத்தான்
ஹாம்பர்க்கிலிருந்து அண்ணன் குரல் வந்தது.
நிமிடக் கட்டணத்துக்குப் பயந்து
அம்மா அவசரமாக அழுவாள்.

இப்போது அதன் கழுத்தில் ஏறி
கிரீஸ் பூசுகிறாள் ட்ஸிஃபா.
கேப் டவுன் அனுப்பிய பல்சக்கரம்
ஒரு நூல் பெரிது.
இரண்டு நாள் அரத்தால் ராவினாள்.

மூன்றாம் இரவு, திரையில் ஒரு முள்:
விண்மீன் பிறக்கும் மேகத்தில் மெத்தனால்.
"மேலேயும் கள்ளச்சாராயமா?"
காவலாளி லார்ட்டே வயிறு குலுங்கச் சிரித்தார்.
அவள் எண்களைக் குறித்தாள்,
தாளெல்லாம் கிரீஸ் ரேகை.

விடிந்ததும் அம்மா:
"தட்டு மறுபடி வேலை செய்யுதாமே,
லைன்ல யாரு?"

"தெரியலம்மா.
கூப்பிட்டு ஆறாயிரம் வருஷம் ஆச்சு.
நாம இப்பத்தான் எடுத்தோம்."