எட்டரைச் சங்கு

கட்டபெட்டு ஃபேக்டரியில் சங்கு ஊதும்போது
தம்ளரும் கையுமாக நிற்பேன்.
இரவு ஷிஃப்ட் ஆட்கள் உள்ளே போகிறார்கள்.
எனக்குள்ளும் ஒன்று வேலைக்குப் போகிறது,
நாளை எட்டரை வரைக்கும்.

நீள மாத்திரை. தொண்டையில் உரசும்.
கடிக்காதே, பொடிக்காதே, உடைக்காதே என்றார்கள்.
ஒருமுறை உடைத்தேன், அருவாமனையில் வைத்து.
ஒரு நாளுக்குக் கட்டிக்கொடுத்த சோறு
ஒரே வாயில் இறங்கிவிட்டது.
படிகள் எல்லாம் இரண்டிரண்டு.
எது நிஜப்படி என்று தெரியாமல்
உட்கார்ந்து உட்கார்ந்தே
லைன் வீட்டுக்கு இறங்கினேன்.

போன ஐப்பசியில்
குஞ்சப்பனையில் மண் சரிந்தது.
எங்கள் பக்கம் கற்பூர மரம் சாய்ந்து பஸ்ஸும் இல்லை.
அட்டையில் மிச்சம் இரண்டு.
"ஒண்ணை ரெண்டாக்கினா நாலு நாள் வருமே"
என்றான் யோகராசா.
அரிசியை, மண்ணெண்ணெயை
அப்படித்தான் இழுத்தோம் அந்த வாரம்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை.

கோத்தகிரிக்கு நடந்தோம்.
மருந்துக்கடை ஆல்துரை அலமாரியைக் கிளறி
அதே பெயர், அதே ஐந்நூறு, பாதி விலை,
எடுத்து மேசையில் வைத்தார்.
பிறகு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்து
சடக்கென்று இழுத்துக்கொண்டார்.
"இது உடனே கரையறது. உன்னோடது மெல்லக் கரையறது.
பேருக்குப் பின்னால ரெண்டு எழுத்து இருக்கும் பாரு.
அது இல்லாததை யார் கொடுத்தாலும் வாங்காத."
ஊட்டிக்கு போன் போட்டார்.

மூன்றாம் நாள் பால் வண்டியில் வந்தது,
சங்கு ஊதி இரண்டு மணி நேரம் கழித்து.
ஞாபகம் வந்ததும் ஒன்று போடு,
அடுத்த வேளை நெருங்கியிருந்தால் விட்டுவிடு,
விட்டதுக்கும் சேர்த்து இரண்டாகப் போடாதே:
நர்ஸ் சொன்னதை முணுமுணுத்தபடி
ஒன்றே ஒன்று விழுங்கினேன்.

இன்னொன்று, வெட்கமாக இருக்கிறது.
சில காலைகளில் கக்கூசில்
மாத்திரை முழுசாக அப்படியே கிடக்கும்.
போச்சு, உடம்பில் ஒட்டவே இல்லை என்று
அழுதுகொண்டே நர்ஸுக்குப் பேசினேன்.
"அது வெறும் ஓடும்மா. மருந்து உள்ள போயாச்சு."
முந்திரிக்கொட்டை மாதிரி நான் அழுததைச் சொல்லி
இன்றைக்கும் சிரிக்கிறான் யோகராசா.

டிரையர் பக்கம் இன்னும் விடவில்லை என்னை.
நார் பொறுக்கும் மேசைதான்.
விழுந்து பதினாலு மாதம் ஆகிறது,
இதை எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணுகிறேன்.

நேற்று கரண்ட் இல்லை, சங்கு ஊதவில்லை.
இருட்டில் வாசலுக்குப் போய்
இரண்டு கையையும் வாயில் குவித்து
யோகராசா ஊதினான்.
லைன் நாய்கள் அத்தனையும் குரைத்தன.
தண்ணீர் புரையேறி
மாத்திரையைத் துப்பத் தெரிந்தேன்.