மூடிகள் திரும்பி வந்த வாரம்

நண்டு ஆலையில் எட்டு மணி நேரம்
பெட்டிகளை நிரப்புகிறேன்.
இருநூறு கிராம், ஒரு மூடி, ஒரு ‘டிக்’.
வீட்டுக்கு வந்தால்
அவற்றின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்
சமையல் மேடையில் கவிழ்ந்து காய்கிறார்கள்.
எறியக் கை வருவதில்லை.
மூடும் சத்தம் காதிலேயே தங்கிவிட்டவளுக்குக்
குப்பைத்தொட்டி கொஞ்சம் தூரம்தான்.

பிஸ்கட் தட்டின் ஆறு பள்ளங்களில்
ஆறு வகைத் திருகாணி.
சாலட் பெட்டியில் மின்கட்டண ரசீதுகள்,
கட்டாதவை மேலே,
தெரியட்டும் என்று.
முட்டைப் பெட்டியின் பன்னிரண்டு குழிகளில்
மகள் மிலென்காவின் நீர்வண்ணங்கள்.
ஒரு குழி மட்டும் கடலுக்கென்று ஒதுக்கியது.
அதில் யாரும் தூரிகை கழுவக் கூடாது.

முக்கோணத்துக்குள் ஆறு என்று அச்சிட்ட மூடியில்
அவள் ஒரு திமிங்கிலம் வரைந்தாள்,
கத்தரித்து அடுப்புக்குள் வைத்தாள்.
சுருண்டது, நெளிந்தது.
நான் பதறிக் கதவைத் திறக்கப் போவதற்குள்
தானே மல்லாந்து தட்டையாகிவிட்டது,
கட்டைவிரல் நகத்தளவு.
இப்போது வீட்டுச் சாவியோடு
என் கோட்டுப் பையில் நீந்துகிறது.

சொல்ல வந்தது தோட்டத்தைப் பற்றி.

புந்தா அரேனஸில் வசந்தம் என்றால்
பூ அல்ல, காற்று.
மனிதர்கள் பிடித்து நடக்கத்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்.
லெட்டூஸ் நாற்றுக்கு யார் கட்டுவார்?
ஸ்ட்ராபெரிப் பெட்டிகளைக் கவிழ்த்தேன்.
மூச்சுவிட அவற்றில் ஏற்கெனவே துளைகள் உண்டு.
முட்டைக்கோஸுக்குக் கேக் மூடி,
அரண்மனை போல.
முப்பத்தொரு வீடுகள்,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கூழாங்கல்.
விடியலில் உள்ளே வியர்த்திருக்கும்.
விரலால் சுண்டினால்
அந்த ஒரு செடிக்கு மட்டும் மழை.

நவம்பர் ஒன்பது, இரவு.
தகரக் கூரையின் மேல்
யாரோ விடிய விடிய அலமாரி இழுத்தார்கள்.
காலையில் நாற்றுகள் நின்றன, பாதி சாய்ந்து.
வீடுகள் இல்லை.
எதிர்வேலியில் ஒன்று,
போக்குவரத்து விளக்கில் ஒன்று,
தோன் ஓசியேலின் நாய் வாயில் ஒன்று.
தெருவே என் அடுப்படியைப் பார்த்துவிட்டது:
எத்தனை கேக் தின்றோம்,
எத்தனையில் பாதிவிலை ஒட்டுத்தாள்.

முதலில் நெல்டா ஒயார்சூன் வந்தாள்.
“யெர்க்கா, இது உன்னுடையதுதானே?”
கழுவித் துடைத்த பெட்டி,
உள்ளே நான்கு ருபார்ப் தண்டு.
வெறும் பெட்டியை எப்படித் தருவதாம்.
ஓசியேல் தந்ததில் நாயின் பல்தடமும்
அபராதமாக ஒரு துண்டு ஆட்டுக்கறியும்.
மாடிவீட்டுப் பையன் ஒரு நத்தை கொண்டுவந்தான்,
பெயர் கேப்டன்.
என் லெட்டூஸைக் கேப்டன் என்ன செய்வார் என்பதை
நான் அவனிடம் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் ஆளில்லாமல் வந்தது.
வாசற்கதவில் செருகி,
உள்ளே மடித்த தாள், பெரிய எழுத்தில்:
‘கடல் மூன்று தெரு தள்ளி இருக்கிறது.’
கையெழுத்து இல்லை.

கோபம் வந்தது. டீ ஆறிப்போனது.
பிறகு எண்ணினேன். இருபத்தாறு.

மிலென்காவும் நானும் கரைக்குப் போனோம்.
பாசியில் சிக்கி இரண்டு கிடைத்தன.
மூன்றாவதைக் குனிந்து எடுத்தால்
அது என்னுடையதல்ல.
நண்டுப் பெட்டி. எங்கள் ஆலையின் முத்திரை.
நானே மூடியதாகக்கூட இருக்கலாம்.
அதையும் பைக்குள் போட்டேன்.
மகள் ஒன்றும் கேட்கவில்லை,
அதுதான் கஷ்டமாக இருந்தது.

இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும்
இரண்டு துளையில் கம்பி கோத்து
முழங்கை ஆழம் மண்ணில் குத்தியிருக்கிறேன்.
காற்று வந்து அசைத்துப் பார்க்கிறது,
திட்டிவிட்டுப் போகிறது.
லெட்டூஸில் கேப்டனுக்கும் ஒரு பங்கு.

இன்னும் மூன்று வரவேண்டும்.
அந்தத் தாளைச் சாலட் பெட்டியில் போட்டிருக்கிறேன்,
ரசீதுகளுக்கெல்லாம் மேலே,
தெரியட்டும் என்று.