வேலி மாற்றிய வாரம்

வீட்டோடு சேர்ந்து வந்த வேலி.
பத்திரத்தில் அது இல்லை.
அரவேணுச் சாலை ஓரமாக ஆரஞ்சுக் குழல் பூக்கள்,
பஸ்ஸில் போகிறவர்கள் தலையை நீட்டிப் பார்ப்பார்கள்.
இரண்டு வருடம் நானும் பெருமைப்பட்டேன்.

பிறகொரு மழைக்காலம்
சோலைக்குள் நடந்தேன்.
என் வேலி எனக்கு முன்பே அங்கே போயிருந்தது,
நாவல் கன்றுகளை மூடிக்கொண்டு.
அடியில் வெறும் கறுப்பு மண்.
ஒரு பெரணி இல்லை.

திங்கட்கிழமை தெய்வானை வந்தாள்
பிக்காசும் தூக்குவாளியுமாக.
"வெட்டினா நாலாத் துளிர்க்கும்.
வேரோட வரணும்."
கசங்கிய இலையின் நாற்றம்
எந்தச் சோப்புக்கும் அசையவில்லை.

புதன்கிழமை டீ நேரத்தில்
அவள் கேட்காமலே விளக்கினேன்:
இது இந்த மண்ணுடையது இல்லை,
கடல் தாண்டி வந்தது.

டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினாள்.
"நான் பண்டாரவளையில பொறந்தவ.
ஆறு வயசுல கப்பல்ல ஏத்தினாங்க.
அங்க இந்தியாக்காரி.
இங்க இறங்கினா சிலோன்காரி."
சிரித்தாள்.
சிரித்துவிட்டு எதிர்ச் சரிவைப் பார்த்தாள்.
மடிப்பு மடிப்பாகத் தேயிலை.
எங்கள் டம்ளருக்குள்ளும் அதுதான்.

என்னிடம் ஒரு பதில் இருந்தது:
வந்ததில் குற்றமில்லை,
பக்கத்தில் எதையும் வாழவிடாததில்தான் என்று.
சொல்லவில்லை.
பதினைந்து சென்ட்டுக்கு வேலி போட்டிருப்பவன்
சொல்லும் வாக்கியமா அது?

சனிக்கிழமை நட்டோம்.
தவிட்டுக் கன்றுகள், ஊசிக்களா,
எந்தக் குறிஞ்சி என்று நர்சரிக்காரருக்கே தெரியாத ஒரு குறிஞ்சி.
எதுவும் முழங்காலைத் தொடவில்லை.
கொடியில் காயும் என் கிழிந்த பனியன் உட்பட
வீடு முழுக்கச் சாலைக்குத் தெரிந்தது.

அன்றிரவே காட்டெருமை வந்தது,
அழைத்த வீட்டுக்கு வருவதுபோல நேராக.
காலையில் எண்ணினோம்.
இருபத்தாறில் ஒன்பது.

தெய்வானை மட்டும் குளம்பு பதிந்த பள்ளத்தைக் குனிந்து பார்த்தாள்.
"குழி தோண்டிக் குடுத்துட்டில்ல போயிருக்கு."
சாய்ந்து கிடந்த தவிட்டுக் கன்று ஒன்றை அதில் நிறுத்தி
பெருவிரலால் மண்ணை அழுத்தினாள்.

இப்போது ஜூன்.
கரண்ட் கம்பியில் ஒரு சின்னான் உட்கார்ந்து
புது மண்மீது எச்சமிடுகிறது.
அதிலிருப்பது எந்த விதை என்பது
முளைத்தால்தான் தெரியும்.
தெய்வானையிடம்
மாதம் ஒரு நாள் கூலி பேசி வைத்திருக்கிறேன்.