மனை எண் 417

கோப்பின் முதல் தாளைக் கரையான் தின்றுவிட்டது.
வெள்ளைக்காரன் காலத்துக் கரும்பாலை என்பார்கள்.
மிஞ்சியிருப்பது ‘சீனி’யின் பின்பாதி:
னி.

அடுத்தது மரவள்ளி மாவு.
நிபோங் திபாலுக்கு இப்பால், ஆற்றோரம்,
அதே மனை, அதே புகைபோக்கி,
உரிமக்காரர் மட்டும் வேறு.
அதனடியில் ஊதா மையில் முதல் புகார்:
“ஐயா, வாய்க்காலில் புளித்த நீர் ஓடுகிறது.
என் மனைவி பசியாறுவதில்லை.
இப்படிக்கு, சவரிமுத்து, ஒன்பதாம் எண் வீடு.”
தமிழில் எழுதியதாலோ என்னவோ
பதில் போனதாகக் குறிப்பில்லை.
பிறகு அவர் மலாயில் எழுதப் பழகினார்.

அறுபதுகளில் அன்னாசி டின்.
தவுக்கே கோ செங் ஹுவாட்டின் கையெழுத்து
சேற்றில் நண்டு போன தடம்.
விபத்துப் பதிவு ஒன்று:
அங்கம்மாள், தோல் சீவும் வரிசை,
இடக்கை மோதிர விரல், நூற்றிருபது வெள்ளி.
விரல் எந்த டின்னோடு போயிற்று என்று
யாரும் கேட்கவில்லை.
சவரிமுத்து கேட்டிருக்கிறார்,
ஈ மொய்ப்பதைப் பற்றிய கடிதத்தின்
கடைசி வரியில்.

அப்புறம் மீன் உருண்டை.
அப்புறம் மிளகாய்த்தூள். அந்தக் கடிதத்தில்
வரிக்கு வரி தும்மியிருக்கிறார் மனுஷன்.

பதினேழு புகார்கள்.
பிறகு ஆலை மூடிக் கிடந்த இரண்டு வருடம்,
கோப்பில் ஒரே தாள்.
நடுங்கும் எழுத்து, மறுபடி தமிழ்:
“ஐயா, வாசம் எதுவும் இல்லை.
ராத்திரி விழித்துக்கொள்கிறேன், மணி என்னவென்று தெரிவதில்லை.
எப்போது திறப்பீர்கள்?”

இன்று என் மேசைக்கு வந்திருப்பது
உறைந்த ரொட்டி சானாய்.
நாளொன்றுக்கு நாற்பதாயிரம்,
பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
காலையில் பார்வையிடப் போனேன்,
தலைக்கு வலை, காலுக்கு உறை.
மாவை வீசும் கை கிடையாது,
அழுத்தித் தள்ளும் இரும்புத் தட்டு.

ஒன்பதாம் எண் வீடு இப்போது ஆட்கள் விடுதி.
எட்டு மெத்தை, நேபாளத்துப் பையன்கள் பதினாறு பேர்,
ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் படுப்பான்.
வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன்,
நாற்றம் ஏதும் வருகிறதா?
நுரையைத் துப்பிவிட்டுச் சொன்னான்,
“இல்லை மேடம். குளிர்தான்.”

படிவத்தின் பதினோராம் கட்டம்:
அண்டை வீட்டார் ஆட்சேபம்.
இல்லை என்று எழுதினேன்.

கோப்பைக் கட்டுமுன்
ஊதா மைத் தாளை எடுத்து
யாரும் பார்க்காதபோது முகர்ந்தேன்.
கரையான் மருந்து.